மூவாயிரம் மூடிகள்

கேள்வி பதினொன்று: கடனுக்கு ஈடாக என்ன தருவீர்கள்?
தவோரிபா சிரிக்கவில்லை.
நிலம் அண்ணனுடையது, என்றாள்.
படகு கணவனுடையது.
தென்னையில் பாதி ஏறுகிறவனுக்கு,
மீதி கடலுக்கு;
போன வருடம் கரையோரம் நாலு மரத்தை
வேரோடு எடுத்துக்கொண்டது.
அண்டா என்னுடையது.
எழுதிக்கொள்.

நான் வங்கிக்காரி.
தராவாவிலிருந்து இரண்டு நாள் கப்பல்,
இரண்டு நாளும் வாந்தி.
பையில் எழுபது படிவம், ஒரு முத்திரை.
அண்டாவுக்குக் கட்டம் இல்லை.
‘இதர’ என்ற இடத்தில் எழுதினேன்.
அடியில் ஒட்டுப் போட்டிருப்பதை எழுதவில்லை.

விடியலில் பாளை சீவி இறக்கியதை
உச்சிவெயில் வரை காய்ச்சுகிறாள்.
ஆறு லிட்டர் ஒன்றாகச் சுண்டும்.
பதம் பார்க்கக் கரண்டி வேண்டாமாம்,
கொதிக்கிற சத்தம் தடிக்கும், அப்போது இறக்கு, என்கிறாள்.
குனிந்து கேட்டேன்.
எனக்குக் கொதித்தது மட்டும்தான் கேட்டது.

பாகு இருக்கிறது.
தலைநகரில் வாங்க ஆள் இருக்கிறது.
பாட்டிலுக்கும் பஞ்சமில்லை:
சோயா சாஸ், ஜின், இருமல் மருந்து,
தீவுக்கு வந்த எதுவும் திரும்பிப் போவதில்லையே.
மூடிதான் இல்லை.
மூடி முதல் நாளே தொலைந்துவிடும்.
துணி கட்டினால் எறும்பு.
மெழுகு ஊற்றினால் வெயில்.
கப்பல் ஒருமுறை சாய்ந்தால்
மூன்று வார உழைப்பு
சரக்கறைத் தரையை நக்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு முன் பயிற்சி ஒன்று நடந்திருக்கிறது. மூன்று நாள்.
வந்தவர் நல்ல மனுஷி, மீன் முள்ளுக்குப் பயந்தாராம்.
ஆளுக்கொரு பேனா, பனியன், சான்றிதழ்.
ஐந்து வருடத்தில் எங்கே இருக்க ஆசை என்று கேட்டார்.
இங்கேதான், என்றார்கள் பதினாறு பெண்களும்.
என்ன தேவை என்று அவர் கேட்கவில்லை;
அது நான்காம் நாள் பாடமோ என்னவோ.
சான்றிதழ் நல்ல கெட்டி அட்டை.
தவோரிபா அதை வட்டம் வட்டமாய் வெட்டி
பாட்டில் வாயில் செருகிப் பார்த்தாள்.
ஒன்பது வட்டம் தேறியது.
ஒன்பதும் ஊறிப்போயின.

நானூறு டாலர் கொடுத்தோம்.
பிஜியிலிருந்து ஒரு சாக்கு, மூவாயிரம் மூடி.
கப்பல் வந்தது. சாக்கு வரவில்லை.
இரவில் ஆடி ஆடி வந்து
பெரு தீவில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.

ரேடியோவில் ஒரு குரல், தெய்மா என்று பெயர் சொன்னது:
உங்கள் மூடி இங்கே இருக்கிறது.
எங்களிடமும் பாகு உண்டு, மூடி கிடையாது.
அறுநூறு எடுத்துக்கொண்டோம்.
காசைச் சாக்குக்குள்ளேயே போட்டுக் கட்டியிருக்கிறோம்.
கோபமா? ஓவர்.

மைக்கைப் பிடித்தபடி தவோரிபா யோசித்தாள்.
முதுகுக்குப் பின்னால் பதினைந்து பேர் யோசித்தார்கள்.
ஜெனரேட்டர் இருமியது.
ஆயிரமாய் எடுத்துக்கொள், என்றாள்.
அடுத்த சாக்கில் பாதி உன் செலவு. ஓவர்.

எங்கள் விதிப்புத்தகத்தில் தேடினேன்.
முதல் பாதி களவு.
இரண்டாம் பாதியை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது?
மேலாளருக்கு ‘சரக்கு தாமதம்’ என்று தந்தி மாதிரி இரண்டு சொல் அனுப்பினேன்.

மூடிகள் ஒரு சுற்றுப் பெரிசு.
சைக்கிள் ட்யூபை மோதிரமாய் வெட்டி
உள்ளே வைத்து இறுக்குகிறார்கள்.
தீவில் இப்போது ஓடுகிற சைக்கிள் இரண்டுதான்,
அதைப் பற்றித் தனியாக ஒரு சண்டை நடக்கிறது.

முதல் தவணை சில்லறையாக வந்தது,
கூடவே எனக்கென்று ஒரு பாட்டில்.
திரும்பும்போது கடல் கொஞ்சம் முரடு.
ட்யூப் வைக்க மறந்த பாட்டில் போல.
பையைத் திறந்தால்
எழுபது படிவமும் ஒரே படிவம்.
பிரிக்கப் பார்த்தேன், கிழிந்தது.
பதினொன்றாம் கேள்வியின் மேல்
எங்கிருந்தோ ஏறி வந்த எறும்புகள்.
விரலை நக்கினேன்.
பதம் சரியாக இருந்தது.